கருவாட்டுப் பொட்டலமும் வெள்ளை வேட்டியும்: வரையக் கொடுப்பதற்கு உங்கள் நாயைப் படம் எடுப்பது எப்படி

இருபத்து மூன்று வருஷம் போர்டு எழுதினேன். திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, பேட்டை என்று பலசரக்குக் கடையிலிருந்து ரைஸ்மில் வரைக்கும் என் எழுத்து தொங்கியது. பிளெக்ஸ் வந்தது, பிரஷ்ஷைக் கழுவி வைத்தேன். அப்போது என்னைக் காப்பாற்றியது செத்துப்போன பெரியவர்கள்தான். ரேஷன் கார்டில் இருக்கும் தபால்தலை அளவுப் படத்தைக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, அப்பாவைப் பெருசா வரைஞ்சு தாங்க" என்பார்கள். கட்டம் போட்டுப் பெரிதாக்கி, தெரியாத காதை நானாகப் போட்டு, மீசையை மகனைப் பார்த்து வரைந்து கொடுத்திருக்கிறேன். யாரும் குறை சொன்னதில்லை.

இப்போது வருகிறதெல்லாம் நாய், பூனை, ஆடு. மனுஷனுக்குப் போட்ட மாதிரி இதுகளுக்குக் காதை ஊகித்துப் போட முடியாது. வளர்த்தவர்களுக்கு ஒவ்வொரு மயிரும் மனப்பாடம். "இந்தக் காது நுனி கொஞ்சம் மடங்கி இருக்கும்லா?" என்று கேட்டுவிட்டு நம் முகத்தையே பார்ப்பார்கள். அதனால் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் படத்தைத்தான் கேட்கிறேன். வருகிற படத்தில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்புகிறேன். ஒவ்வொருத்தருக்கும் போனில் அரைமணி நேரம் விளக்கி வாய் வலித்துவிட்டது. அதுதான் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. ஸ்டேட்டஸ் வைக்கிற படம் வேறு, வரையக் கொடுக்கிற படம் வேறு. ஸ்டேட்டஸில் குற்றால அருவி பெரிதாகவும் நாய் பொட்டு மாதிரியும் இருக்கலாம். என் மேசைக்கு வந்தால், விரலால் விரித்துப் பார்க்கும்போது கண்ணிமை மயிர் எண்ணுகிற மாதிரி இருக்க வேண்டும். படத்தில் இல்லாததை நான் வரைந்தால் அது உங்கள் நாய் இல்லை, பொதுவாக ஒரு நாய்.

சாரத்தை (லுங்கியைத்தான் சொல்கிறேன்) மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் குப்புறப் படுங்கள். சிரிக்காதீர்கள், பாதி வேலை இதில் முடிந்துவிடும். எல்லாரும் நின்றபடியே குனிந்து எடுக்கிறார்கள். அப்படி எடுத்தால் தலை தேங்காய் மாதிரியும் கால் தீக்குச்சி மாதிரியும் வருகிறது, நாயும் பாவமாக மேலே பார்க்கிறது. போன் லென்ஸ் அதன் கண் மட்டத்துக்கு வர வேண்டும். உங்களுக்கு மூட்டு வலி என்றால் நாயைத் திண்ணையில் ஏற்றிவிட்டு நீங்கள் முற்றத்தில் உட்காருங்கள். நம் ஊர்த் திண்ணை இதற்கென்றே கட்டின மாதிரி உயரம்.

அடுத்தது தூரம். பாசத்தில் போனை மூக்குக்கு நேரே நீட்டுகிறீர்கள், அது வந்து மோந்து பார்க்கிறது, கிளிக். ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன். சிப்பிப்பாறை மாதிரி நீள மூஞ்சி நாய்க்கு மூக்கு நுனியிலிருந்து கண் சுமார் 10 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் மூக்கிலிருந்து 30 செ.மீ.யில் இருந்தால் கண் 40 செ.மீ.யில் இருக்கும். அப்போது கண்ணோடு ஒப்பிட மூக்கு மூன்றில் ஒரு பங்கு பெரிதாக விழும். அதே போனை 2 மீட்டர் தள்ளி வைத்தால் 200-க்கு 210. வித்தியாசம் வெறும் 5 சதவீதம், கண்ணுக்கே தெரியாது. ஆகவே ஓர் ஆள் நீளத்துக்குக் கொஞ்சம் கூடவே தள்ளிப் போய், '2x' என்று காட்டும் இடத்தைத் தொட்டு எடுங்கள். '0.5' பக்கமே போகாதீர்கள். அதில் எடுத்த கன்னி இன நாட்டு நாய் ஒன்று எனக்கு வந்தது, எறும்புதின்னி மாதிரி இருந்தது.

இனி வெளிச்சம். போர்டு எழுதுகிறவனுக்கு வெயில் பகை, படம் வரைகிறவனுக்கும் அப்படித்தான். சித்திரை வைகாசியில் நம் ஊரில் காலை ஒன்பது மணிக்கே உச்சி வெயில் மாதிரி அடிக்கும். அதில் நிற்கிற நாய்க்குக் கண் சுருங்கும், வாய் திறந்து நாக்கு ஒரு சாண் தொங்கும், புருவத்துக்குக் கீழே கருநிழல் விழுந்து கண் இருக்கிற இடம் குழியாகத் தெரியும். கண் இல்லாமல் நான் என்னத்தை வரைய?

வீட்டில் நல்ல வெளிச்சம் இருக்கும் இடம் தார்சா, அதாவது வாசலை ஒட்டின முன்கூடம். வாசலிலிருந்து மூன்று நான்கு அடி உள்ளே, வெயில் தரையில் விழாத இடத்தில் நாயை உட்கார வையுங்கள். வாசலுக்கு நேரே முகத்தைத் திருப்பாமல் கொஞ்சம் சாய்வாக. அப்போது ஒரு கன்னம் வெளிச்சமாகவும் மறு கன்னம் லேசான நிழலாகவும் இருக்கும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடித்துத்தான் மூஞ்சியின் எலும்பை நான் கொண்டுவருகிறேன். கண்ணுக்குள் வாசலின் வெள்ளைச் சதுரம் சின்னதாக மின்ன வேண்டும். எடுத்தவுடன் விரித்துப் பாருங்கள். அந்தப் புள்ளி இல்லாத படத்தில் நாய் உயிரோடு இருந்தாலும் உயிர் இல்லாத மாதிரிதான் இருக்கும்.

நிழல் பக்கம் ரொம்பக் கறுத்துவிட்டால் ஒரு வெள்ளை வேட்டி போதும். வீட்டில் யாரையாவது நிழல் பக்கம் வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். வாசல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி அந்தக் கன்னத்தில் விழும். கரை வேட்டி வேண்டாம், கரை கலரும் சேர்ந்து விழும். ஜன்னல் வழியே வெயில் நேராக அடித்தால் அதே வேட்டியை ஜன்னலில் கட்டிவிடுங்கள், வெளிச்சம் பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

கலர் விழுகிறது என்று சொன்னேன் இல்லையா, அதில் நான் அடிபட்ட கதை ஒன்று உண்டு. களக்காடு பக்கத்திலிருந்து ஒரு ராஜபாளையம் நாய் படம் வந்தது. நல்ல பெரிய படம், கண் துல்லியம், இளஞ்சிவப்பு மூக்கு, எல்லாம் சரி. 12-க்கு 16 இஞ்ச் கேன்வாஸில் பத்து நாள் உட்கார்ந்து வரைந்தேன். வாங்க வந்த தம்பி பார்த்தான். கூட வந்த அவன் அம்மாவும் பார்த்தார்கள். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு அந்த அம்மா மெதுவாக, "எங்க டைகர் என்ன, சொட்டுநீலம் போட்டு அலசுன மாதிரில்லா இருக்கான்?" என்றார்கள்.

படம் எடுத்த இடத்தைக் கேட்டேன். மாட்டுத் தொழுவத்தில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே. தார்ப்பாய் வழியே இறங்கின வெளிச்சம் வெள்ளை முதுகை நீலமாக்கியிருந்தது. நானும் நிழல் என்றால் நீலம் கலப்பதுதானே என்று நம்பி அல்ட்ராமரினைத் தாராளமாக விட்டிருக்கிறேன். முதுகு முழுவதையும் மறுபடி போட்டேன். அன்றிலிருந்து வெள்ளை நாய் என்றால் முதல் கேள்வி "எங்க வச்சு எடுத்தீக?" என்பதுதான். நீலத் தார்ப்பாய், பச்சை வலைப் பந்தல், பச்சை பைபர் கூரை எதுவும் தலைக்கு மேல் வேண்டாம். அடர்ந்த வேப்பமர நிழல்கூட லேசாகப் பச்சை பூசும். பழைய வீட்டுச் சிவப்புத் தரை வெள்ளை நாயின் தொண்டையை ரோஸ் ஆக்கும். அப்படிப்பட்ட தரை என்றால் ஒரு கோரைப்பாயை விரித்துவிடுங்கள்.

ஒரு வேலை இன்னும் நல்லது. ஒரே ஒரு படத்தில் நாய் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து எடுத்து அனுப்புங்கள். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் நாயும் அந்த அளவு மஞ்சளாகத்தான் தெரிகிறது என்று கழித்துக்கொள்வேன்.

எப்போது எடுப்பது? தென்காசி, செங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கம் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். குற்றாலச் சீசன் நேரத்தில் மேகம் மூடி, சாரல் விட்டுவிட்டு விழும் நாளில் வானம் முழுக்க ஒரே வெள்ளை விளக்கு. அந்த வெளிச்சத்தில் வெளியில் நிறுத்தியே எடுக்கலாம், நிழல் முறுக்கிக்கொண்டு நிற்காது. ஈரத்தில் மட்டும் நனைய விடாதீர்கள், நனைந்த நாய் பாதி சைஸ் ஆகிவிடும். வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் கதை வேறு. ஆனி ஆடிக் காற்றில் கரண்ட் எடுக்கிற காற்றாலை சுற்றுகிற ஊர். காது பின்னால் மடங்கிக் கண்ணில் மண் விழும், மயிர் எல்லாம் ஒரு பக்கம் சாயும். அங்கே வீட்டுக்குள்தான். மற்ற எல்லாருக்கும், வெளியில் எடுப்பதாக இருந்தால் காலை ஏழரைக்கு முன்னால், சாயங்காலம் ஐந்துக்குப் பின்னால்.

பிளாஷ் போடவே கூடாது. நாய், பூனை, ஆடு, மாடு எல்லாவற்றுக்கும் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. இருட்டில் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தை அது திருப்பி அனுப்பி இன்னொரு தடவை பார்க்க வைக்கும். பிளாஷ் பட்டால் அதுதான் பச்சையாக எரிகிறது. கண்ணின் கலர் என்ன என்று எனக்குக் கடைசிவரை தெரியாது.

கறுப்பு நாயும் வெள்ளை நாயும் போனை ஏமாற்றும். போன் எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் கறுப்பு நாய் கரிக்கட்டையாகிவிடும், பின்னால் இருட்டு இருந்தால் வெள்ளை நாய் சுண்ணாம்பாகிவிடும். திரையில் நாயின் கண்ணைத் தொடுங்கள். பக்கத்தில் ஒரு சூரியன் குறி வரும், அதை மேலே இழுத்தால் வெளிச்சம் கூடும், கீழே இழுத்தால் குறையும். கறுப்பு நாய்க்கு, கண் எங்கே முடிகிறது மயிர் எங்கே தொடங்குகிறது என்று தெரிகிறவரை கூட்டுங்கள். வெள்ளை நாய்க்கு, மார்பு மயிரில் இழை இழையாகக் கோடு தெரிகிறவரை குறையுங்கள். கொஞ்சம் இருட்டாக வந்தாலும் எனக்குக் கவலை இல்லை, உள்ளே விவரம் இருக்கும். வெளுத்துப்போனால் அங்கே ஒன்றுமே கிடையாது, வெறும் தாள்.

கறுப்பு நாயைப் பற்றி இன்னொன்று. கறுப்பு பெயின்டை நான் தொடுவதே இல்லை. அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் அம்பர் என்கிற பழுப்பும் கலந்துதான் கறுப்பு செய்கிறேன். முதுகில் வானம் பட்ட இடம் நீலம் தூக்கலாக, வயிற்றுப் பக்கம் பழுப்பு தூக்கலாக வரும். அந்த வித்தியாசம் படத்தில் இருந்தால்தான் நான் போட முடியும். கன்னி நாய்க்குக் கண்ணுக்கு மேலே இருக்கிற இரண்டு செம்புள்ளியும் அப்படித்தான். சில நாய்க்கு அது கருப்பட்டி, சிலதுக்குப் பனங்கிழங்கு. எது என்று படம் சொல்ல வேண்டும்.

முந்தின நாள் குளிப்பாட்டுங்கள். அன்றைக்கே குளிப்பாட்டினால் மயிர் விறைத்து நிற்கும், நாயும் கோபத்தில் இருக்கும். பீளையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். உங்கள் லென்ஸையும்தான். சட்டைப் பையில் கிடக்கும் போன் லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இருக்காது. சங்கிலி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு எடுங்கள். பெல்ட்டோடு வேண்டும் என்றால் அதற்கு ஒரு படம் தனியாக. போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம். எது நாய் எது சுவர் என்று போன் ஊகித்து வெட்டுகிறது, மீசை மயிரும் காது ஓரமும் அதில் போய்விடும். அழகாக்குகிற பில்டர் போட்டால் இருபது வருஷமாக ஒரு முடியும் நரைக்காத மாதிரி ஆக்கிவிடும். கிழட்டு நாயின் நரைத்த தாடைதான் அந்த வீட்டுக்காரர்களுக்கு வேண்டியதே.

இனி அதைப் பார்க்க வைப்பது. பேர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் எழுந்து வந்துவிடும், அதுதானே நீங்கள் பழக்கினது. உங்கள் பின்னால் ஒரு ஆள், அவர் கையில் கருவாட்டுப் பொட்டலம். காகிதம் சரசரக்கும் சத்தத்துக்கு இரண்டு காதும் நிமிரும், வாய் மூடும், கழுத்து நீளும். அந்த நேரம் பொத்தானை விடாமல் தட்டிக்கொண்டே இருங்கள், வரிசையாகப் பத்துப் பதினைந்து விழட்டும். இது மூன்று தடவைதான் வேலை செய்யும். நாலாவது தடவை நாய் உங்களைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை வரைந்தால் யாரும் காசு தர மாட்டார்கள். மூன்றாவது தடவை முடிந்ததும் கொஞ்சம் தின்னக் கொடுத்துவிடுங்கள். சாயங்காலம் ஒரு நடை கூட்டிப்போய்வந்து, தண்ணீர் குடித்து, மூச்சிரைப்பு அடங்கின பிறகு எடுத்தால் உட்கார்ந்தபடி இருக்கும்.

பூனைக்கு இந்த வித்தை எதுவும் செல்லாது. அது படுக்கும் இடத்தில் நீங்கள் போய்ப் படுத்துக் காத்திருக்க வேண்டும். கண்மணி மட்டும் கவனம். வெயிலைப் பார்த்தால் நெல்முனை மாதிரிக் கோடாகிவிடும், இருட்டில் கண் முழுக்கக் கறுப்பாகிவிடும். ஜன்னலுக்குப் பக்கத்தில், வெயில் படாத இடத்தில் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

பறவை வரைவேன், சேவல், லவ் பேர்ட்ஸ் எல்லாம். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டோடு படம் எடுத்து அனுப்பாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம், நான் வேறு பிரேம் போட்டுச் சாட்சி சொல்ல வேண்டுமா?

மொத்தம் எத்தனை படம் என்று கேட்பார்கள். முகம் நேராக ஒன்று, முக்கால் திரும்பி ஒன்று, இடம் வலம் இரண்டு பக்கமும், முழு உடம்பு நாலு காலும் நகமும் தெரிய ஒன்று. வரையப்போவது ஒன்றைப் பார்த்துத்தான், மற்றது சந்தேகம் தீர. ஒரு படத்தில் முகமும் இன்னொரு படத்தில் உடம்பும் எடுத்து ஒட்டச் சொல்லாதீர்கள். முகத்துக்கு வெளிச்சம் கிழக்கே, உடம்புக்கு மேற்கே என்றால் தலை வெட்டி ஒட்டின மாதிரிதான் இருக்கும். இரண்டு நாயைச் சேர்த்து வரைய வேண்டும், இரண்டும் சேர்ந்து உட்காராது என்றால், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே உயரத்திலிருந்து தனித்தனியாக எடுங்கள். எது எவ்வளவு உயரம் என்பதை உங்கள் முழங்காலை வைத்துச் சொன்னால் போதும்.

போய்ச்சேர்ந்த நாய் என்றால் இந்த விதி எதுவும் கிடையாது. இருக்கிற அத்தனையும் அனுப்புங்கள், ஆடினது, மங்கினது, கல்யாண வீட்டுப் படத்தில் மூலையில் வால் மட்டும் தெரிவது எல்லாம். ஆல்பத்தில் இருக்கும் பழைய படத்தை டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்தால் பளபளப்பு விழும். ஜன்னல் ஓரம் தட்டையாக வைத்து, போனைச் சாய்க்காமல் நேர் மேலே பிடித்து எடுங்கள். கூடவே நாலு வரி எழுதுங்கள். எங்கே வெள்ளை, எங்கே தழும்பு, எந்தக் காது மடங்கும் என்று. அந்த நாலு வரியை எழுதும்போதே அழுதுவிட்டதாகச் சிலர் சொல்லியிருக்கிறார்கள். மெதுவாக எழுதுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை.

அனுப்புகிற முறை: வாட்சப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். கிளிப் குறியை அமுக்கி, டாக்குமென்ட் என்று தேர்ந்து அதன் வழியாக அனுப்பினால் எடுத்தது எடுத்தபடி வரும். ஸ்டேட்டஸிலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறவர்களுக்கு நான் பதில் போடுவதில்லை.

கடைசியாக, செல்பி கேமராவில் எடுக்காதீர்கள். இதைத் தனியாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. முன்னீர்பள்ளம் பக்கம் ஓர் ஆச்சி. மேலப்பாளையம் செவ்வாய்க்கிழமைச் சந்தையில் குட்டியாக வாங்கின கன்னி ஆடு, பேர் செல்லி. கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு, அதாவது பால்கன்னி. கோடு செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி என்பார்கள். பேரன் ஆட்டைக் கட்டிப்பிடித்து செல்பி எடுத்து அனுப்பியிருந்தான். அவனை விட்டுவிட்டு ஆட்டை மட்டும் வரைந்தேன். எனக்கே பிடித்த படம் அது. படுத்தவாக்கில் இருக்கும் அந்தக் கண்மணியை வரைய மட்டும் ஒரு காலைப்பொழுது போயிற்று.

ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்கள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எஞ்செல்லி இல்ல."

"ஏன் ஆச்சி?"

"அவளுக்குக் காதுல வெட்டு இடப்பக்கம்லா. நீரு வலப்பக்கம் போட்டிருக்கீரு. முகத்துக் கோடும் இடது கொஞ்சம் தடிப்பா இருக்கும்."

பல போன்களில் செல்பி கேமரா கண்ணாடி மாதிரி இடம் வலம் மாற்றித்தான் சேமிக்கிறது. செட்டிங்கில் அதை நிறுத்தலாம், யார் நிறுத்துகிறார்கள்? பின்னால் ஒரு கடை போர்டு இருந்திருந்தால் எழுத்து திரும்பியிருப்பது எனக்கா தெரியாது, இருபத்து மூன்று வருஷம் அதைத்தானே எழுதினேன். இருந்ததோ வெறும் வைக்கோல் படப்பு.

பேரன் வேலைக்குச் சென்னை போய்விட்டான், ஆச்சியிடம் இருப்பது பட்டன் போன். அடுத்த வாரம் லோடு ஆட்டோவில் செல்லியையே கூட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார்கள். என் திண்ணையில் நிறுத்தி, நான் முடுக்கில் குத்தவைத்து, ஆச்சி கையில் என் வேட்டியைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி எடுத்தேன். வெளிச்சம், கண், காது வெட்டு எல்லாம் அம்சமாக வந்துவிட்டது. வாயோரத்தில் மட்டும் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது, விரித்துப் பார்த்தேன். என் ரசீதுப் புத்தகம், 41-லிருந்து 60 வரைக்கும்.